நூற்றுக்கு நூறு வாங்கிய ராஜ்யம்

வெண்குடை ராஜ்யத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். எந்த நாட்டுக்குப் பக்கத்திலும் அது இருக்கலாம். அதன் தலைநகரில் சுண்ணாம்புப்பேட்டை என்றொரு பகுதி. அங்கே ஒரே தெருவில் மூன்று அரசாங்க உயர்நிலைப் பள்ளிகள்: கிழக்கு, மேற்கு, நடு. மூன்றிலும் கூரை ஒழுகியது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கணக்கு வாத்தியார். ஆனாலும் இவற்றில் எது சிறந்த பள்ளி என்று தெரியாமல் மன்னருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“கூரையை ஒப்பிட்டால் ஓடு மாற்ற வேண்டிவரும் மன்னா,” என்றார் கல்வி அமைச்சர் ஆராவமுதர். “வாத்தியாரை ஒப்பிட்டால் ஆள் போட வேண்டிவரும். பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தோற்றார்கள் என்பதை மட்டும் ஒப்பிடுவோம்.”

ஆணை பிறந்தது. தோல்வி குறைந்த பள்ளியின் தலைமையாசிரியருக்குப் பல்லக்கு. தோல்வி மிகுந்த பள்ளியில் மதியச் சோற்றோடு முட்டை கிடையாது. கணக்கில் முட்டை வாங்கியவர்களுக்கு இன்னொன்று எதற்கு என்று அமைச்சர் விளக்கமும் தந்தார்.

தெருமுனையில் துணி தேய்க்கும் அஞ்சலையின் மகள் மரகதம் கிழக்குப் பள்ளியில் பத்தாவது படித்தாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்திரண்டு, தேற முப்பத்தைந்து வேண்டும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் அவள் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள். நடத்தை: மிக நன்று.

அஞ்சலை மேற்குப் பள்ளிக்கு ஓடினாள். “மூணு மார்க்குதான் சார் கொறையுது. பரீட்சை எழுத உட்டீங்கன்னா எப்டியாவது எட்டிப் புடிச்சிரும்.”

“நாங்களே நாப்பது பேர நடுப் பள்ளிக்குத் தள்ளி விட்டுட்டு உக்காந்திருக்கோம், நீங்க வேறம்மா!” என்றார் அந்தத் தலைமையாசிரியர்.

நடுப் பள்ளி அந்த நாற்பது பேரையும் கிழக்குக்கு அனுப்பியிருந்தது. பிள்ளைகள் புத்தகப் பையோடு தெருவை அளந்தார்களே தவிர, ஒரு எழுத்து படிக்கவில்லை.

போட்டி முற்றியது. நடுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருநாள், முதல் மதிப்பெண் வாங்குபவள் உட்பட அத்தனை பேருக்கும் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார். பிள்ளையே இல்லாத பள்ளியில் தோற்க யார் இருக்கிறார்கள்? பரீட்சைக்கு முன்பே பல்லக்கு அவருக்குப் போனது.

“இந்த மூளையைப் பள்ளியோடு விடலாமா?” என்று பூரித்த மன்னர், அவரைத் தேர்தல் அதிகாரியாக நியமித்தார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மன்னரைக் குடிகளே தேர்ந்தெடுப்பது அந்நாட்டு வழக்கம்.

வாக்குச்சாவடியில் அஞ்சலை வரிசையில் நின்றாள்.

“யாருக்குப் போடப் போறீங்கம்மா?” என்று பரிவாகக் கேட்டார் அதிகாரி.

“ராசாவுக்குப் போட மாட்டேன். எம் பொண்ணு பரீட்சைய முழுங்கிட்டாரு.”

அதிகாரி ஒரு தாளில் கையெழுத்திட்டு நீட்டினார். அண்டை நாட்டுக்கு மாற்றம். நடத்தை: மிக நன்று. அந்தி சாய்வதற்குள் ஊரே எல்லைக்கு அப்பால் நின்றது. மன்னரும் அமைச்சரும் வாக்களித்தார்கள். மன்னர் நூறு சதவீதம் பெற்று வென்றார்.

மறுநாள் வெற்றி விழா. மாடத்தில் நின்று கையசைத்த மன்னருக்குக் கைதட்ட ஒரு ஆள் இல்லை. எல்லைக்கு மாட்டு வண்டிகள் பறந்தன. ஏறுகிறவர்களுக்குத் தலைக்கு ஒரு சோற்றுப் பொட்டலம்.

அஞ்சலை மகளை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். “அண்ணே, வண்டி பள்ளிக்கூடத் தெரு வழியாப் போவுமா? இன்னிக்குத்தான் கணக்குப் பரீட்சை. வாசல்ல எறக்கி உடுங்க, கால்ல உழுந்தாவது கேட்டுப் பாக்குறேன்.”

“போவும்மா,” என்றார் வண்டிக்காரர். “நிக்காது.”