மொரப்பூர் அலைக்காரர்

தருமபுரி மாவட்டத்தில் கடலுக்குப் பயப்படத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மொரப்பூரில் மோட்டாருக்குச் செப்புக்கம்பியில் காயில் கட்டும் அவரை நாங்கள் அலைக்காரர் என்போம். மற்றவர்களுக்கு அந்தப் பயம் வர வழியில்லை. எங்களிடம் கடலே கிடையாது.

கடலோர இறால் பண்ணை ஒன்றில் மோட்டார் பழுது பார்க்கப் போன மனிதர், பழைய அலைச்சறுக்குப் பலகையோடு திரும்பி வந்தார். அதன்பின் டீக்கடையில் செல்போனில் கடலின் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்து, "தண்ணி எறங்குதுங்க, ஒரு மணிக்கெல்லாம் பாறை தெரிஞ்சிரும்" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் போர்வெல்லை நினைத்துப் பதறி எழுவார்கள். சேலை சுற்றிய பலகையை ரயிலில் ஏற்றியபோது ஓர் அம்மா, "பாடியாங்க?" என்று கேட்டார். "இல்லைங்க, இஸ்திரி போடுற பலகைங்க" என்றார் இவர். உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மரியாதைக்காரர். வழி மறிக்கும் கன்றுக்குட்டியைக்கூட "கொஞ்சம் தள்ளுங்க" என்பார்.

நானும் தொற்றிக்கொண்டேன். மணல் கரையில் நாலைந்து முறை சறுக்கப் பழகியதும், பாறை மேல் அலை உடையும் இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரித்தேன். எங்கள் ஊரைச் சுற்றி நான் தலைகீழாகக் குதிக்காத கிணறு இல்லை என்ற திமிர்.

அங்கே போனதும் ஒரு மணி நேரம் கரையிலேயே உட்காரவைத்து அலை எண்ணச் சொன்னார். "அடியில பாறைங்கறதால அலை ஒரே எடத்துல ஒடையும். பாக்க அழகா இருக்கும். ஆனா அங்க தண்ணி முட்டியளவுதாங்க. நாலஞ்சு பெரிய அலை சேந்தாப்புல வரும், அப்புறம் ஓயும். ஓரமா அலையே இல்லாம கருப்பா இருக்குது பாருங்க, அது ஆழம். போறதும் வர்றதும் அது வழியாத்தான். பாறை மேல காலே வெக்காதீங்க, கடல்முள்ளி ஒட்டியிருக்கும், ஊசியா ஏறிரும்." பிறகு விரலை நீட்டினார். "வுழுந்தா பாயில படுக்கற மாதிரி வுழுங்க. தலைய மட்டும் குத்திராதீங்க."

"சரிங்க, சரிங்க" என்றேன். மண்டையில் ஏறவில்லை.

முதல் அலை என்னை அரசன்போல் தூக்கிக்கொண்டு போனது. இரண்டாவதும் அப்படித்தான். அலைக்காரர் கரையிலிருந்து கையைத் தூக்கி, "போதுங்க, தண்ணி எறங்கிருச்சு, வாங்க" என்று கூப்பிட்டார். எனக்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது.

மூன்றாவது அலை பாறையைத் தொட்டதும் சுவராக எழுந்தது. கீழே தண்ணீர் உறிஞ்சப்பட்டு, பாசி படர்ந்த பாறை பல்லைக் காட்டியது. பலகையின் மூக்கு குத்தியது. முப்பது வருடப் பழக்கம்! என் கைகள் தாமாகச் சேர்ந்தன, தலை தாமாகக் குனிந்தது.

"கெணறு இல்லடா! படுடா!"

கன்றுக்குட்டிக்கும் மரியாதை கொடுக்கிறவரின் வாயிலிருந்து வந்த அந்த 'டா'தான் என்னைத் திடுக்கிட்டு மல்லாக்க விழவைத்தது. தோளிலிருந்து இடுப்புவரை தோல் உரிந்தது. தலை தப்பியது.

மூச்சு வாங்குவதற்குள் அடுத்த அலை. பின்னால் இன்னும் இரண்டு வரிசைகட்டி நின்றன. பலகையையும் காலையும் சேர்த்துக் கட்டிய கயிறு பாறையில் மாட்டியிருந்தது, எழ முடியவில்லை. எந்த இடத்தில் கால் வைக்கவே கூடாது என்று பாடம் நடத்தினாரோ, அதே பாறைமேல் வெறுங்காலோடு ஓடி வந்தார். கயிற்றைப் பிடுங்கி, அலை வரும்போதெல்லாம் என் தலையைத் தன் நெஞ்சில் அமுக்கிக்கொண்டார். ஓய்ந்ததும் ஆழத்துக்கு இழுத்துப்போனார்.

கரையில் பார்த்தால், அவர் பாதம் இரண்டிலும் கடல்முள்ளிகளின் முட்கள். பிடுங்கிக்கொண்டே, "முதுகு எரியுதுங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊர் திரும்பியபின் ஒரு வாரம் காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டியபடி கடையைத் திறந்தார். நானும் தினமும் போய் எதிரே உட்கார்ந்தேன். "மோட்டார் ஏதாச்சும் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, சும்மாதான்" என்றேன். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்போல இருந்தது.