ஏனுங்க டீச்சரும் மறதியில்லாத யானையும்

ஒரு புத்தகத்தை "ஏனுங்க" என்று கூப்பிட்டு மல்லுக்கட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை பாஸ். கோவை பீளமேட்டில் எங்கள் ஏழாம் வகுப்பு மொத்தமும் மல்லுக்கட்டியிருக்கிறது. அதற்கு எங்கள் கோச், ஏனுங்க டீச்சர். அச்சடித்த எழுத்துக்குப் பயப்படாத ஒரே ஜீவன்.

கதை என்றால் சும்மா படிக்கலாம். அறிவியல், வரலாறு, செய்தி என்று 'இதெல்லாம் உண்மை' என வந்து நிற்கிற எதுவானாலும் காதில் பென்சில் செருகியாக வேண்டும். பத்தி முடிந்ததும் புத்தகத்தையே கேட்க வேண்டும்: "ஏனுங்க, இது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" பதில் உள்ளேயே கிடைத்தால் அடிக்கோடு, கிடைக்காவிட்டால் ஓரத்தில் கேள்விக்குறி. 'ங்க' விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து.

"சந்தேகப்படலாம் கண்ணு, மரியாதை கொறையக்கூடாது" என்பார்.

பஸ்ஸில் பேப்பர் படித்தாலும் இதே கூத்துதான். "ஏனுங்க, இதை யாருங்க பாத்தது?" என்று அவர் பேப்பரைக் கேட்க, பக்கத்து சீட் அம்மா பதறிப்போய், "நான் ஒண்ணும் பாக்கலீங்க அம்மணி!" என்றாராம்.

எங்கள் வகுப்பின் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர் அறை. எங்கள் சத்தம் தாங்காமல் ஒருநாள் அவர் பொங்கிவிட்டார்.

"கிளாஸுங்களா, சந்தைக்கடைங்களா? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆபீசர் வாராருங்க. ஒரு சத்தம் வந்துச்சு, உங்க வாசிப்பு பீரியடைக் கணக்குக்குக் குடுத்துப்போடுவேன்."

டீச்சர் முகம் வாடி அன்றுதான் பார்த்தோம். மறுநாள் காதிலிருந்த பென்சிலை எல்லோரும் பல்லில் கடித்துக்கொண்டோம். உயிரே போனாலும் பேசுவதில்லை.

அதிகாரி கையிலிருந்த தாளை வாசித்தார்: "யானைக்கு மறதியே கிடையாது."

எங்கள் பல்லில் பென்சில்கள் மட்டும் நறநறத்தன.

அதிகாரி பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க, மறந்துருச்சான்னு யானைகிட்ட யாருங்க போய்க் கேட்டது?"

தலைமையாசிரியர்! தடுப்பு வழியாகவே இத்தனை நாள் பாடம் ஏறியிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதானுங்களே... இதுல போடலீங்களே?"

"கேள்விக்குறி போடுங்க சார்!" மொத்த வகுப்பும் கத்தியது. டீச்சர் தன் காதுப் பென்சிலை எடுத்து நீட்டினார். அதிகாரியும் போட்டாரே!

பீரியட் பிழைத்தது. காலேஜ் முடித்தும் அந்தக் கெத்து எனக்குக் குறையவில்லை. வாட்ஸ்அப்பில் எது வந்தாலும், ஃபார்வர்டு செய்யும் முன் "ஏனுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

இதை லேப்டாப்பில்தான் டைப் செய்கிறேன். காதில் பென்சில் இருக்கிறது.