முதல் மடிப்பு

மனிதகுலம் ஒரு நிமிடம் எழுந்து நிற்கட்டும். நாம் எல்லோருமே ஒரு காலத்தில் தட்டையாகக் கிடந்தவர்கள். கருவில் பாலாடை போலப் படர்ந்திருந்த செல்கள் நடுவில் குழிந்து, மடிந்து, குழாயாகச் சுருண்டதால்தான் நமக்கு மூளை என்று ஒன்று வாய்த்தது. அந்த மடிப்பின் ரகசியம் இன்று ஆய்வுக்கூடத்தில் வெளியாக இருந்தது.

வெளியிட வேண்டிய பேராசிரியரோ, அறுந்த நூலைத் தேடி மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

நடுவிலுள்ள செல்கள் இழுப்பதால் மடிகிறது என்பது அவர் கட்சி. பக்கத்துச் செல்கள் நெருக்கித் தள்ளுவதால் மடிகிறது என்பது எதிர்க்கட்சி. அதன் தலைவர், மனைவியின் அண்ணன். கட்டடத்தில் காலியாக இருந்ததோ ஒரே ஓர் அறை. பேராசிரியரின் கரு மடிந்தால் அறை அவருக்கு, மடியாவிட்டால் மச்சானுக்கு.

கரு என்பது மேசைமேல் ஒரு மரச்சட்டத்தில் கட்டிய ரப்பர் தாள். அதன் நடுவிலிருந்து இறங்கும் நூல்களை மேசைக்கடியில் இருக்கும் ஒரு மோட்டார் இழுக்க வேண்டும். இழுத்தது. நூல் அறுந்தது.

"தடி நூலாப் போடும்மா."

'சுருட்டை' என்று எல்லோரும் கூப்பிடும் சுருள்முடி மாணவி தடி நூலைப் போட்டாள். இந்த முறை நூல் பிழைத்தது, தாள் கிழிந்தது.

"பசை போட்டு ஒட்டு."

பசை காய்ந்து தாள் பலகையாக விறைத்தது.

"சரி, புதுத் தாள் மாட்டு. சட்டத்துல ஒரு பக்கம் ஸ்க்ரூவக் கழட்டிடு. தொளதொளன்னு இருந்தாத்தான் மடியும்."

கழற்றியதும் அந்தப் பக்கச் சட்டம் விழவா நிற்கவா என்று ஆடியது. சுருட்டை மறுபடி நூலோடு மேசைக்கடியில் புகுந்தாள்.

"என்ன மாப்ளே, கருவுக்கு ஜன்னியா?"

வாசலில் மச்சான். பக்கத்தில் இயக்குநர் அம்மாள்.

"வாங்க மச்சான். உங்க கொள்கைக்கு இன்னைக்குக் காரியம்."

"தங்கச்சி சாப்பாடு கட்டிக் குடுத்தாளா? வெறும் வயித்தோட அழக்கூடாது."

பேராசிரியர் மேசைமேல் சாய்ந்து, இரு கைகளையும் விரித்து, "மோட்டார்!" என்று முழங்கினார்.

தாள் சிலிர்த்தது. நடுவில் பள்ளம் விழுந்தது. அவர் ஆவலோடு குனியக் குனியப் பள்ளம் ஆழமானது. கரைகள் இரண்டும் எழுந்து ஒன்றையொன்று தொட்டன. குழாய்!

இயக்குநர் அம்மாள் கைதட்டினார். "ரூம் உங்களுக்குத்தான் சார்."

மச்சானின் முகம் தொங்கிவிட்டது. "ஒத்துக்கறேன் மாப்ளே."

"ஆயுசு பூரா தள்ளுது, தள்ளுதுன்னீங்களே மச்சான், இங்க யாராவது தள்ளுனாங்களா?" என்று பெருந்தன்மையோடு சிரித்தார் பேராசிரியர். "போதும்மா, மோட்டார நிறுத்து."

"இன்னும் போடவே இல்ல சார், நூலத்தான் கட்டிட்டிருக்கேன்" என்றது மேசைக்கடிக் குரல். "உங்க தொப்பைதான் சட்டத்தத் தள்ளுது."