எழுத்து நாளில் வந்த அப்டேட்

முதலாளியே இல்லாத வேலையில்தான் ஏச்சு அதிகம் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

நான் பராமரிப்பது ஒரு பிளாக்செயின் வலையமைப்பின் மூல மென்பொருளை. பல நாடுகளில், யார் யாருடைய வீட்டுக் கணினிகளிலோ, ஒரே கணக்குப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். தலைமை அலுவலகம் கிடையாது. புதிய பதிப்பு வந்தால் ஒவ்வொருவரையும் கெஞ்சித்தான் ஏற்றவைக்க வேண்டும். ஏற்றியவரும் ஏசுவார், ஏற்றாதவரும் ஏசுவார். (அம்மா அயலில் சொல்வது, "பெடியன் கொம்பியூட்டர் திருத்திறவன்" என்றுதான். மறுத்து மறுத்து நானும் களைத்துவிட்டேன்.)

அந்த முறை பெரிய அப்டேட். அது இயங்கத் தொடங்கும் நாளை உலகெங்கும் உள்ளவர்கள் மாதக்கணக்கில் சண்டைபிடித்துத் தீர்மானித்திருந்தார்கள். உடையார்கட்டில் எங்கள் சாத்திரியார், என் தங்கை தர்சினியின் கலியாண எழுத்துக்கும், அதாவது பதிவுத் திருமணத்துக்கும், அதே நாளைக் குறித்துக் கொடுத்தார். இரு தரப்பும் மாற்ற மறுத்துவிட்டன.

"ஒண்டும் நடக்காதம்மா, எல்லாம் சோதிச்சுப் பாத்தாச்சு" என்றேன். அப்படிச் சொன்னவனை இன்று கண்டால் கன்னத்தில் ஒன்று கொடுப்பேன்.

எழுத்தன்று முற்றத்தில் பந்தல். வாடகைக்கு எடுத்த சவுண்ட் பொக்ஸை என் லப்டொப்போடு புளூடூத்தில் இணைத்து நாதஸ்வரம் போட்டிருந்தேன். பளையிலிருந்து மாப்பிள்ளை சுதன் வீட்டார் வந்திறங்கினார்கள். பதிவாளர் புத்தகத்தை விரித்ததும் பாட்டை நிறுத்தினேன். அந்நேரம் பார்த்து லப்டொப்பில் அழைப்பு. வவுனியாவிலிருந்து நிரோஷன், என்னோடு இதே மென்பொருளைப் பராமரிப்பவன். எப்போதும் எழுத்தில்தான் செய்தி அனுப்புவான். பேச அழைக்கிறான் என்றால் எங்கோ நெருப்புப் பிடித்துவிட்டது.

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். அவன் குரல் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. லைன் சரியில்லை என்று நினைத்து ஒலியை முழுவதுமாகக் கூட்டினேன்.

பந்தலில் இருந்தவர்களுக்குக் கேட்டது இதுதான்:

"மச்சான், இது சரிவராது! எல்லாம் ரெண்டாப் பிரிஞ்சு போச்சு! உடனை கையெழுத்து வைக்கிறதை நிப்பாட்டச் சொல்லு! புதுசை விடச் சொல்லு! பழசுக்கே திரும்பிப் போகச் சொல்லு!"

அவன் சொன்னது மென்பொருளை; கையெழுத்து என்றது, ஒவ்வொரு கணக்கையும் சரிபார்த்துக் கணினிகள் வைக்கும் கையெழுத்தை. புதிய பதிப்பை ஏற்றிய கணினிகள் ஒரு கணக்கையும் மற்றவை இன்னொரு கணக்கையும் எழுதிக்கொண்டிருந்தன. குரல் முற்றத்திலிருந்துதான் வருகிறது என்று எனக்கு உறைத்தபோது, அம்மா குசினி வாசலில் நின்றா.

வெளியே போனேன். பதிவாளர் பேனையை மூடிவிட்டார். சுதன் வியர்த்துக் கொட்ட எழுந்து நின்றார்.

"அது கம்பஸில படிக்கேக்க. எப்பவோ முடிஞ்ச கதை" என்றார். "அவா கலியாணமும் கட்டீட்டா. ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"எந்தப் பெட்டையடா?" என்றா அவருடைய தாயார்.

"அது பிளாக்செயின்…" என்று தொடங்கினேன்.

"நீ வாயைத் திறக்காதை!" என்றா அம்மா.

தர்சினி மட்டும் அசையவில்லை. "முடிஞ்சதுதானே?" என்று சுதனைக் கேட்டாள்.

"ஓம்."

"வேற ஏதும் இருக்கோ?"

"சத்தியமா இல்லை."

அவள் பதிவாளரிடம் கையை நீட்டினாள். "பேனையைத் தாங்கோ ஐயா."

கையெழுத்து விழுந்தது. நான் குசினியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, பழைய பதிப்புக்குத் திரும்பும்படி ஊர் பேர் தெரியாதவர்களை எல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பொழுதுபடத்தான் வலையமைப்பு ஒரே கணக்குக்கு வந்தது. ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று ஒருவர் கேட்டார். பந்தலில் சாப்பாடும் முடிந்துவிட்டது.

அது மென்பொருள் விசயம் என்று பிறகு பலமுறை விளக்கிவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை; இப்போது விளக்குவதையும் விட்டுவிட்டேன். சுதன் வேலையால் பிந்தி வந்தால் தர்சினி வாசலிலேயே கேட்பாள்:

"என்னப்பா, பழசுக்குத் திரும்பிப் போயிட்டீங்களோ?"

வீடே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்ப்பார். நான் சோற்றைப் பிசைவேன்.