பெரியப்பாவின் மாதப் பணமும் அமலனின் ஆடுகளும்

“அமலன்! உன் ஆடு என் கருவேப்பிலைய மொட்டையடிச்சிருச்சுலா!”

பக்கத்து வீட்டுப் பிரேமாவதி அக்கா, இலையில்லாத குச்சி ஒன்றை வேலிக்கு மேலே தூக்கிக் காட்டினார். அமலன் ஆட்டைப் பார்த்தான். ஆடு மென்றுகொண்டே அவனைப் பார்த்தது.

எல்லாம் லியோனார்ட் பெரியப்பாவால் வந்தது. கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். ரப்பர் நிலத்தை விற்று, பணம் முழுவதையும் அமலனுக்கே எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஆனால் வக்கீல் அதை மாதாமாதம்தான் கொடுப்பார். “மொத்தமா குடுத்தா மொத்தமா விட்ருவான்” என்று பெரியப்பாவே சொல்லிவைத்தாராம்.

அமலனோ அதைப் பெருக்கி, கிறிஸ்மஸுக்குள் சொந்த வீடு கட்டுவதாக மாமியார் காதுபடச் சொல்லிவிட்டான். இருப்பதோ திகாம் பத்து ஊரில் வாடகை வீடு.

“பேசாம பேங்க்ல போடலாம்ல?” என்றாள் மனைவி ஃபெலிசியா.

“பேங்க்ல காசு தூங்கும். ஆடு குட்டி போடும்!”

முதல் மாதப் பணத்தில் வந்த ஆடுகள் குட்டி போடவில்லை, புழுக்கை போட்டன. தெருவே மூக்கைப் பொத்தியது.

“உரம்!” என்று துள்ளினான் அமலன். அடுத்த மாதப் பணம் மிளகாய்ச் செடிகளானது. விடிந்து பார்த்தால், பாதிச் செடி ஆட்டு வயிற்றில்.

லோரி வைத்திருக்கும் ஷாருல் ஆடுகளை வாங்க வந்தான்.

“பாதி விலதான் அண்ணே.”

“தம்பி, புது ஆடுடா!”

“ஆட்டுல ஏதுண்ணே புதுசு?”

ஆடுகள் போயின. மிச்சமிருந்த மிளகாய் காய்த்தது, கூடவே பூச்சியும் வந்தது. பூச்சியைத் தின்ன, அதற்கடுத்த மாதம் கம்போங் நாட்டுக்கோழிகள் வந்தன. அவை பூச்சியை விட்டுவிட்டு மிளகாயைத் தின்றன.

“கோழிக்கு ஒறைக்கவே ஒறைக்காதாம்,” ஃபெலிசியா கைப்பேசியில் படித்தாள்.

“அத ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாமியார் ரோசம்மா பக்கத்து ஊர் மெர்போக்கிலிருந்து வந்தார். மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுவது அவருக்கு மரியாதைக்குறைவு. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“மாப்பிள்ள அடுத்து என்ன வாங்குறாராம்னு கேளு பாப்பா.”

அமலனுக்குச் சுருக்கென்றது. “உங்கம்மா நக்கல் பண்றாங்களா?”

“அக்கறைங்க,” என்ற ஃபெலிசியா சட்டென்று திரும்பி, சட்டியில் இல்லாத குழம்பைக் கிண்டினாள்.

அதே நேரம் வெளியே அலறல். பிரேமாவதி அக்காவின் புதுக் காடி மேலே கோழிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காரின் வெள்ளை நிறம் ஏற்கெனவே வேறு நிறமாகியிருந்தது.

அமலன் காடியைக் கழுவிக்கொடுத்து, ஷாருலைக் கூப்பிடலாம் என்று கைப்பேசியை எடுத்தான். லோரி வாசலில் நின்றது.

“இன்னும் போனே அடிக்கலையேடா?”

“சும்மா... இந்தப் பக்கம் வந்தேண்ணே.”

கோழிகளும் மிச்ச மிளகாய்ச் செடிச் சாடிகளும் ஏறின. அமலன் காலியான முற்றத்தைப் பார்த்தான். கிறிஸ்மஸ் வரப்போகிறது. ஒரு செங்கல்கூட வாங்கவில்லை.

“போதும் தம்பி. எனக்கு இந்த ராசியே இல்ல. இனி வர்ற காசு பூரா பேங்க்லதான்.”

புறப்பட்ட லோரி கிறீச்சென்று நின்றது. ஷாருல் தலையை வெளியே நீட்டினான்.

“ஐயோ, பேங்க்ல மட்டும் போட்றாதீங்கண்ணே! நீங்க பாதி வெலைக்குக் குடுத்ததெல்லாம் என் மூலமா நல்ல வெலைக்கு வித்துத்தான் ரோசம்மா ஆன்ட்டி மெர்போக்ல உங்களுக்கு வீடு கட்டுறாங்க; கூரைதான் பாக்கி, இன்னும் ஒரே ஒரு தடவ ஏதாச்சும் வாங்குங்கலா!”