நாற்பத்திரண்டு பேரின் இடுப்பளவு

எனக்கு இரகசியம் காக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் கோபம் வரும். என் வாயிலிருந்து யாருடைய கதையும் வெளியே போனதில்லை. ஒருமுறை மட்டும் நாற்பத்திரண்டு பெண்களின் இரகசியங்களை பெயர், தொலைபேசி இலக்கம், இடுப்பளவு சகிதம் ஊருக்கு அனுப்பி வைத்தேன். அதையும் வாய் திறக்காமல்தான் செய்தேன்.

(இன்றைக்கு நான் ஒரு கம்பனியில் வாடிக்கையாளர் தரவுகளைப் பாதுகாக்கும் பொறுப்பில் இருக்கிறேன். நேர்முகத் தேர்வில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். மேற்கொண்டு அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கணினி டிப்ளோமாவை முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மாமி நடத்திய தையல் கடையில் போய் உட்கார்ந்தேன். மாமி என் அப்பாவின் அக்கா. அவருடைய தொழில் முழுவதும் ஒரு நீலக் கொப்பியில் இருந்தது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருடைய அளவும் அதில் உண்டு. மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியோடு சேர்த்து மாட்டியிருப்பார்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்பே மழை தொடங்கிவிட்டது. கூரை ஒழுகி, லாச்சிக்குள் தண்ணீர் போய், கொப்பியின் இரண்டு பக்கங்கள் கரைந்து போயின. இருபது வருடத் தொழில் என்று மாமி தலையில் கை வைத்தார். எனக்கோ படித்த படிப்பைக் காட்டச் சந்தர்ப்பம் கிடைத்த சந்தோஷம்.

“எல்லாத்தையும் கிளவுட்டில போடுவம் மாமி. பிறகு அழியவே அழியாது.”

“அது எங்க இருக்கு?”

எனக்கும் தெரியாது. “வெளிநாட்டில எங்கயோ,” என்றேன்.

“ஆர் ஆர் பாக்கலாம்?”

“நாங்கள் மட்டும்தான்.”

இவ்வளவு சரியான இரண்டு கேள்விகளை இந்தத் தொழிலில் அதன்பிறகு எந்தப் பெரிய அதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை. நான்தான் இரண்டுக்கும் பிழையான பதில் சொன்னேன்.

இரண்டு நாள் இருந்து முழுக் கொப்பியையும் தட்டச்சு செய்தேன். பெயர், இலக்கம், மார்பு, இடுப்பு, கை, கடைசியில் குறிப்பு. இந்தக் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் மாமியிடம் வருகிற பெண்கள் எல்லோரும் கலியாணத்துக்கு முன்பிருந்த அளவைத்தான் சொல்வார்கள். மாமி மறுக்க மாட்டார். “ஒரு சொட்டும் மாறேல்ல பிள்ளை, அப்பிடியே இருக்கிறீங்கள்,” என்று சொல்லிக்கொண்டே நாடாவால் அளந்து, உண்மையான கணக்கைக் கொப்பியில் எழுதிக்கொள்வார். ‘சொன்னது 32. வெட்ட வேண்டியது 36. கேட்டால் சொல்ல வேண்டாம்.’ அவருடைய சாறிச் சட்டைகள் மட்டும் எல்லோருக்கும் கச்சிதமாக இருப்பதன் மர்மம் இதுதான். நான் அந்தக் குறிப்புகளையும் ஓர் எழுத்து விடாமல் ஏற்றினேன். (தரவு முழுமையாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள்.)

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாள் முழுக்க “என்ர சட்டை முடிஞ்சுதோ?” என்று அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. ‘நிலை’ என்று ஒரு பத்தியைச் சேர்த்து, இணைப்பை எல்லோருக்கும் அனுப்பினால் அவரவரே பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. முன்னெச்சரிக்கையாகப் பரிசோதனையும் செய்தேன். என் பெயரைப் போட்டு வடிகட்டிப் பார்த்தேன், என் வரி மட்டும் அழகாகத் தெரிந்தது. ஆகவே ஒவ்வொருவருக்கும் அவரவர் வரி மட்டுமே தெரியும் என்று முடிவு கட்டினேன். வடிகட்டி என் கைபேசியில் மட்டும்தான் இருந்தது என்பது மூளைக்கு எட்டவில்லை. கடையின் வட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டு, தேநீர் ஊற்றக் குசினிக்குள் போனேன்.

முதல் அழைப்பு தங்கம் அன்ரி. “என்ர இடுப்பு உனக்கு என்னடி செய்தது?”

சட்டை இறுக்கம் போல என்று நினைத்தேன். “கொண்டு வாங்கோ அன்ரி, தளர்த்தித் தாறம்.”

அவர் பேசிய மிச்சத்தை இங்கே எழுத ஏலாது. அடுத்தது கிண்ணியாவிலிருந்து பரீதா ராத்தா. “என்ன புள்ள இது? கேட்டா சொல்ல வேணாம் எண்டு போட்டிருக்கு. கேக்காமலே சொல்லிட்டீங்களே!” அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பட்டியலைத் திறந்தேன். மேல் மூலையில் ஒரு நரி, ஒரு ஆமை, ஒரு ஒட்டகம் என்று வட்ட வட்டமாக மிருகப் படங்கள். வைரஸ் வந்துவிட்டது என்று நடுங்கிப் போனேன். பெயர் தெரியாமல் உள்ளே வந்தவர்களை அது அப்படித்தான் காட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் வாடிக்கையாளர்கள்தான் மிருகக்காட்சிச்சாலையாக உள்ளே நின்றார்கள்.

நின்றது மட்டுமா? இணைப்பு வைத்திருப்பவர் எவரும் திருத்தலாம் என்றும் அனுமதி கொடுத்திருக்கிறேன். என் கண் முன்னாலேயே தங்கம் அன்ரியின் இடுப்பு 38இலிருந்து 30க்கு இறங்கியது. ஒட்டகம் வந்து அதை 48 ஆக்கியது. மறுபடி 30. நான் பதறி என் கைபேசியிலிருந்து செயலியையே அழித்துவிட்டேன். விஷயம் முடிந்தது என்று மூச்சு விட்டேன். அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை.

மாமி கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். தங்கம் அன்ரியைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. “கோகிலா ரீச்சரின்ர குறிப்பையும் ஏத்தினனீயே?” என்று கேட்டார். ஓம் என்றேன். மாமி கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கோகிலா ரீச்சருக்குக் கலியாணமாகி எட்டு வருடம். இரண்டு தடவை கருத் தங்கிக் கலைந்துவிட்டது. மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது என்று இந்தமுறை தாயிடமே மறைத்திருந்தார். கணவருக்கு அடுத்ததாகத் தெரிந்த ஒரே ஆள் மாமி, அதுவும் அளவெடுத்ததால். குறிப்பில் இப்படி இருந்தது: ‘இரண்டு மாதம். பிறகு தளர்த்த, பக்கத்தில் துணி மடித்து விடவும். ஒருவருக்கும் தெரியாது.’ நான் தட்டச்சு செய்தபோது அதை வாசித்தேனா? வாசிக்கவில்லை. எழுத்துகளைத்தான் பார்த்தேன்.

பக்கத்துக் கடைக்காரரின் கணினியில் பட்டியலை ஒருவழியாக அழித்துவிட்டு, உப்புவெளியில் இருந்த ரீச்சர் வீட்டுக்கு பஸ் ஏறினேன். ரீச்சர் பள்ளிக்கூடத்தால் வந்து கைபேசியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“தங்கம் அக்கான்ர இடுப்பு நாப்பத்தெட்டாம். பாத்தனீரோ?”

“உங்கட வரியைப் பாக்கேல்லையோ ரீச்சர்?”

“என்ர எனக்குத் தெரியும்தானே. என்னத்துக்கு?”

நான் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. கை தன்பாட்டில் வயிற்றுக்குப் போனது.

“ஆர் ஆர் பாத்தவை?”

“தெரியாது ரீச்சர்.”

“எத்தினை பேர்?”

“அதுவும் தெரியாது.”

திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாசலில் நின்று அழுதேன். வீதியால் போனவர்கள் நான் ஏதோ சோதனையில் கோட்டை விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு வந்த வாரங்களில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குழுவில் ரீச்சரைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. தங்கம் அன்ரி வாயில் ஊர்க்கதை எதுவும் தங்காது, அவரே கடைக்கு வந்து தன் இடுப்பைப் பற்றி மட்டும் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்துவிட்டுப் போனார். ஒருவரும் கவனிக்கவில்லை, எல்லோரும் தங்கள் அளவையும் தங்களுக்குப் பிடிக்காதவர்களின் அளவையும்தான் பார்த்திருக்கிறார்கள் என்று மாமி ஆறுதல் சொன்னார். நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல், ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே கடைக்குப் போனேன்.

ரீச்சருக்கு மூன்று மாதம் முடிந்தது. அவரே குழுவில் செய்தி போட்டார். ஐந்து நிமிடத்துக்குள் நாற்பத்தொரு பேரும் ஆச்சரியப்பட்டார்கள். “ஐயோ கடவுளே, நம்பவே ஏலாமல் கிடக்கு!” என்று தங்கம் அன்ரி ஒலிப்பதிவே அனுப்பினார். பரீதா ராத்தா அன்று பின்னேரமே இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்துக்கொண்டு ரீச்சர் வீட்டு வாசலில் நின்றாராம்.

அடுத்த நாள் ரீச்சர் கடைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது.

“நிரோ, எல்லாரும் வாழ்த்தினவை. ஒராள்கூட எத்தினை மாசம் எண்டு கேக்கேல்லையடி.”

மாமி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் நூல்கட்டைகளை நிறம் பிரித்தேன்.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயது. கதை முழுவதையும் மாமி அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் சட்டைக்கு அளவெடுக்க வருவாள். மாமி நாடாவை எடுத்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள், ஆனால் என்னிடம் ஒன்று சொல்லாமல் அளக்க விடமாட்டாள்.

“நிரோ அன்ரி, நீங்கள் சுவரைப் பாத்து நில்லுங்கோ.”

கடையில் இருக்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நான் திரும்பி நின்றுகொள்வேன், அளந்து முடித்துவிட்டோம் என்று அவள் சொல்லும்வரை.