லாபி அண்ணாச்சியும் கழற்றிவிட்ட செருப்பும்

செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வருகிறவனைக் கண்டால் ரத்தம் கொதிக்கும் ஒரே மனிதர், ராஜபாளையம் முழுக்கத் தேடினாலும் எங்கள் லாபி அண்ணாச்சிதான்.

தென்காசி ரோட்டில் நான் கதவு திறந்துவிடும் ஹோட்டலுக்கு அவர் அப்போது மேனேஜர். வாசலைத் தாண்டியதும் இருக்கும் வரவேற்பு ஹாலைப் பேச்சுக்குப் பேச்சு ‘லாபி, லாபி’ என்பார். அப்படியே பெயராகிவிட்டது.

நான் அஞ்சாம் வகுப்பில் பாதி வரை படித்தவன். எனக்கு வேலை கொடுத்ததும், பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு மாட்டிவிட்டதும் அண்ணாச்சிதான். கோட்டைப் பார்த்து வருகிறவர்கள் என்னை முதலாளி என்று கும்பிடுவார்கள். நான் பெட்டியைத் தூக்கியதும் கும்பிட்ட கையைச் சட்டென்று இறக்கிக்கொள்வார்கள்.

அந்த லாபியை இழைத்து இழைத்துக் கட்டினார் அண்ணாச்சி. சென்னைக்காரன் உள்ளே வந்தால் சென்னையில் இருப்பதாக நினைக்க வேண்டுமாம். சாம்பார் வாசம் வரக்கூடாது என்று சமையலறைக்கு ரெட்டைக் கதவு போட்டு, லாபியில் எலுமிச்சை வாசம் அடித்தார். விளக்கெல்லாம் மங்கலான மஞ்சள்.

“லோ வோல்டேஜா தம்பி?” என்று வ. புதுப்பட்டிப் பெரியவர் ஒருத்தர் கேட்டார்.

“இல்ல தாத்தா, இதுதான் ஸ்டைலு.”

“ஸ்டைலா? எங்க ஊர்ல இதுக்கு ஈபிக்கு போன் போடுவோம்.”

சோபாக்கள் அவ்வளவு பள்ளம். உட்கார்ந்தவர்களைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவதுதான் எனக்குப் பாதி வேலை.

இதையெல்லாம் கெடுத்தது தரை. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று கல் பதித்திருந்தார். அதைப் பார்த்ததும் நம்மூர்க்காரர்களின் கால் தானாகச் செருப்பை உதறிவிடும். நானே வேலை கேட்டு வந்த அன்று லிஃப்ட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியவன்தான். நான் மேலே போய்விட்டேன், செருப்பு கீழேயே நின்றது.

“ஐயா, செருப்போட வாங்க. இது பிசினஸ் ஹோட்டலு” என்று அண்ணாச்சி கெஞ்சுவார்.

“வேண்டாம்யா. எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கிய! மிதிக்க மனசு வரல.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே எப்போதும் ஒரு கல்யாண வீட்டுச் செருப்புக் குவியல் கிடக்கும். அண்ணாச்சி ‘செருப்புடன் உள்ளே வரவும்’ என்று போர்டு வைத்தார். அதைப் படிக்க நின்றவர்கள் போர்டுக்குக் கீழேயே செருப்பை விட்டார்கள்.

அறைகள் பாதி காலி. ஒருநாள் முதலாளி வந்து சொல்லிவிட்டார்: “நூல் வாங்குற சென்னைக் கம்பெனிக்காரவிய திங்கக்கிழமை பாக்க வாராவ. வருஷம் பூரா ரூம் எடுத்தாவன்னா சரி. இல்லன்னா இதைக் கல்யாண மண்டபமா மாத்திருவேன். ஒம்ம லாபில பந்தி போட்ருவேன், பாத்துக்கிடும்.”

லாபியில் பந்தி! அண்ணாச்சிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தரையில் ரசம் ஓடுவது அவர் கண்ணிலேயே தெரிந்தது.

திங்கட்கிழமை வந்தது. கூடவே, மாடி ஹாலில் நிச்சயதார்த்தம் நடத்த கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஒரு கூட்டமும் வேனில் வந்து இறங்கியது. அண்ணாச்சி கையை விரித்து மறிப்பதற்குள் அத்தனை பேரும் செருப்பை உதறிவிட்டு மாடி ஏறிவிட்டார்கள். வாசலில் குட்டி மலை.

“ஏலே, டிராலிய எடு!”

பெட்டி ஏற்றும் பித்தளைக் கம்பி டிராலியில் ரெண்டு பேரும் செருப்பை அள்ளிப் போட்டோம். பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஒளித்துவிடத் திட்டம். டிராலியைத் திருப்புகிறேன், கம்பெனிக் கார் முன்னால் வந்து நிற்கிறது.

உயரமான ஹீல்ஸ் போட்ட ஒரு மேடம் இறங்கினார். என் கோட்டைப் பார்த்தார். பளபளக்கும் டிராலியைப் பார்த்தார். அதில் செருப்புகள் இருப்பதைப் பார்த்தார். குனிந்து தன் ஹீல்ஸைக் கழற்றி மேலாக வைத்தார். பின்னால் வந்த ரெண்டு ஆபீசர்களும் ஷூவைக் கழற்றி எங்கே வைப்பது என்று என்னைப் பார்த்தார்கள். பணிவாக வாங்கி வைத்தேன்.

“மேடம், செருப்போடயே...” என்று அண்ணாச்சி குறுக்கே பாய்ந்தார்.

மேடம் வெறுங்காலோடு அந்தக் குளிர்ந்த கல்லில் நாலு எட்டு நடந்து கண்ணை மூடினார். “அப்பாடா! ஏர்போர்ட்ல மாட்டின ஹீல்ஸ். எங்கே போனாலும் ஹோட்டல் ஹோட்டலாத்தான் இருக்கும். இது வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு சார்.”

வீடு மாதிரி இருக்கக்கூடாது என்றுதானே அண்ணாச்சி இத்தனை பாடும் பட்டார்! அப்படியே பள்ளச் சோபாவில் உட்கார்ந்தவரால் அவராகவே எழுந்திருக்க முடியவில்லை.

அறைகளை வருஷம் முழுக்க எடுத்துக்கொண்டார்கள். இதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் கீழே இறங்கி வந்து சத்தம் போட்டார்: “எங்க செருப்ப வண்டில வச்சு ஊர்வலமா விடுதீய?”

மறுவாரம் முதலாளி வாசலில் செருப்பு ஸ்டாண்டு வைக்கச் சொன்னார். அண்ணாச்சி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே தேக்கில் செய்யச் சொன்னார். அதற்கும் ஒரு மஞ்சள் விளக்குப் போட்டார்.

இப்போது அண்ணாச்சி வேலையை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். வாராவாரம் லீவு நாளில் போய்ப் பார்ப்பேன். அவர் வீட்டில் சாதா சிமென்ட் தரைதான்.

“ஏலே, செருப்போட உள்ள வாலே!” என்று நாற்காலியில் இருந்தே அதட்டுவார்.

மற்றதில் எல்லாம் அவர் சொன்னபடி கேட்டவன்தான். அந்த வாசலில் மட்டும் கழற்றிவிட்டுத்தான் போகிறேன்.